ஆம்பளைக்கு வயசு ஏது? விந்தணு, வயது, மரபணு

(எபிசோடில் பேசியதைக் கொஞ்சம் திருத்தி, திரும்பத் திரும்ப வந்ததை எடுத்துவிட்டு, எழுத்து வடிவமாக இங்கே தருகிறேன்.)



"சார்லி சாப்ளினுக்கு 73 வயசுல குழந்தை பிறந்துச்சே, அப்புறம் என்ன?" ஆண்களோட வயசையும் குழந்தைப்பேறையும் பத்திப் பேச ஆரம்பிச்சா, அஞ்சு நிமிஷத்துக்குள்ள யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிடுவாங்க. தகவல் சரிதான். சாப்ளின் 1889-ல் பிறந்தவர், அவரோட கடைசி மகன் பிறந்தது 1962-ல். ஆனா ஒருத்தருக்கு நடந்தது எல்லாருக்கும் நடக்கும்னு அர்த்தம் இல்லை. தொண்ணூறு வயசு வரைக்கும் பீடி குடிச்ச தாத்தா ஒருத்தர் எல்லா ஊர்லயும் இருப்பார். அவரை வச்சு பீடி உடம்புக்கு நல்லதுன்னு யாரும் சொல்றதில்லை.

இன்னைக்கு ரெண்டு கேள்விகளை எடுத்துக்கிறேன். வயசு ஏற ஏற ஆணோட விந்தணுவுக்கு என்ன ஆகுது? சில ஆண்களுக்கு விந்தணு குறைவாகவோ இல்லாமலோ போறதுக்கு மரபணு எப்படிக் காரணமாகுது? இந்த ரெண்டையும் புரிஞ்சுக்கிட்டா, குழந்தைக்காகக் காத்திருக்கிற வீட்டில யாரை முதல்ல பரிசோதிக்கணும்ங்கிற கேள்விக்கும் பதில் கிடைச்சிடும்.

ஒரு விஷயத்தை முன்னாடியே சொல்லிடறேன். நான் மருத்துவர் இல்லை. உயிரியல் படிச்சிட்டு, அதைத் தமிழ்ல பேசுற ஆள். இங்கே சொல்றது புரிஞ்சுக்கிறதுக்கு. சிகிச்சைக்கு உங்க டாக்டர்கிட்டதான் போகணும்.

எத்தனை பேருக்கு இந்தப் பிரச்சனை?

கருத்தடை எதுவும் இல்லாம 12 மாசம் முயற்சி பண்ணியும் கரு தங்கலைன்னா, அதைக் குழந்தைப்பேறின்மைன்னு மருத்துவத்துல சொல்றாங்க. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகத்துல ஆறு பேர்ல ஒருத்தர் வாழ்க்கையில எப்பவாவது இதைச் சந்திக்கிறாங்க. அந்தத் தம்பதிகள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கு. சிலருக்கு அது மட்டுமே காரணம். சிலருக்கு ரெண்டு பக்கமும் இருக்கும்.

ஆனா நம்ம வீடுகள்ல என்ன நடக்குது? கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆச்சுன்னா "விசேஷம் ஏதாவது உண்டா?"ன்னு கேள்வி மருமகளைத்தான் பார்த்து வரும். ஸ்கேன் அவளுக்கு, ஹார்மோன் டெஸ்ட் அவளுக்கு, கருக்குழாயில் அடைப்பு இருக்கான்னு மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கிறதும் அவளுக்கு. அரச மரத்தைச் சுத்துறதும் அவதான். கணவன் செய்ய வேண்டியது ஒரு சின்ன டப்பாவில் சாம்பிள் கொடுக்கிறது. ஊசி கிடையாது, கத்தி கிடையாது, செலவும் குறைவு. ஆனா அதுதான் பல வீடுகள்ல கடைசியா நடக்குது.

இதை நியாய அநியாயமா மட்டும் பார்க்க வேண்டாம். பெண்ணோட கருமுட்டைகள் அவ பிறக்கும்போதே இருக்கிறவை. புதுசா உருவாகாது. 35 வயசுக்கு மேல எண்ணிக்கையும் தரமும் வேகமாக் குறையும். கணவனோட டெஸ்ட்டை மூணு வருஷம் தள்ளிப் போட்டா, மனைவியோட மூணு வருஷம்தான் போகுது. அந்த வருஷத்தை எந்த சிகிச்சையும் திருப்பித் தராது.

விந்தணு எப்படி உருவாகுது?

விரைக்குள்ள சுருட்டி வச்ச நூல் மாதிரி நுண்ணிய குழாய்கள் இருக்கு. அந்தக் குழாய்களோட உள் சுவர்ல விந்தணுவுக்கான ஸ்டெம் செல்கள் உட்கார்ந்திருக்கும். ஒரு ஸ்டெம் செல் ரெண்டாப் பிரியும். ஒண்ணு ஸ்டெம் செல்லாவே இருந்துக்கும். இன்னொண்ணு மேலும் மேலும் பிரிஞ்சு, குரோமோசோம்களைப் பாதியாக் குறைச்சு, வால் முளைச்சு விந்தணுவா மாறும். இதுக்கு ஏறக்குறைய 74 நாள் ஆகுது. பக்கத்துல இருக்கிற சுருள் குழாயில் முதிர்ச்சியடைஞ்சு வெளியே வர இன்னும் சில நாள். மொத்தத்துல மூணு மாசம்னு வச்சுக்கலாம். டாக்டர்கள் "மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுங்க"ன்னு சொல்றது இதனாலதான்.

இங்கேதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் வருது. ஒரு கருமுட்டை உருவாக 24 செல் பிரிவுகள் வரைதான் நடக்குது, அதுல பெரும்பகுதி அந்தப் பெண் தன் அம்மா வயித்துக்குள்ள இருக்கும்போதே முடிஞ்சிடுது. ஆணுக்கு அப்படி இல்லை. பருவம் வந்த பிறகு ஸ்டெம் செல் ஏறக்குறைய 16 நாளுக்கு ஒரு தடவை பிரியுது, அதாவது வருஷத்துக்கு 23 தடவை. 20 வயசுக்காரரோட விந்தணுவுக்குப் பின்னால சுமார் 150 பிரிவுகள் இருக்கும்னு கணக்குப் போட்டிருக்காங்க. 40 வயசுல அது 610. 50 வயசுல 840.

ஒவ்வொரு பிரிவுக்கும் டி.என்.ஏ. முழுசையும் நகல் எடுக்கணும். ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை வச்சு இன்னொரு ஜெராக்ஸ், அதை வச்சு இன்னொண்ணுன்னு போனா என்ன ஆகும்? அறுநூறாவது பிரதியில எங்கேயோ ஒரு எழுத்து மங்கிப் போயிருக்கும். நம்ம செல்லுக்கு நகல் எடுக்கிறதுல பிழை திருத்துற ஏற்பாடு ரொம்பவே நல்லா இருக்கு. ஆனாலும் நூத்துக்கு நூறு கிடையாது.

வயசு ஏறினா என்ன குறையுது?

முதல்ல கண்ணுக்குத் தெரியற அளவுகள். 30 வயசு ஆண்களையும் 50 வயசு ஆண்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள்ல, விந்தோட மொத்த அளவு குறையுது, நீந்திப் போகிற விந்தணுக்களோட பங்கு குறையுது, சரியான வடிவத்துல இருக்கிறதும் குறையுது. ஆனா ஒரு மில்லி லிட்டர்ல எத்தனை விந்தணு இருக்குங்கிற எண்ணிக்கை மட்டும் பெரும்பாலும் அவ்வளவாக் குறையறதில்லை. அதனால "கவுண்ட் நல்லா இருக்கு" என்கிற ஒரு வரியை மட்டும் பார்த்துட்டு ரிப்போர்ட்டை மடிச்சு வச்சிடக் கூடாது.

ரெண்டாவது, சாதாரண டெஸ்ட்ல தெரியாத ஒண்ணு. விந்தணுவோட தலைக்குள்ள இருக்கிற டி.என்.ஏ. இழை அங்கங்கே உடைஞ்சு போறது. வயசு ஏற ஏற இந்த உடைசல் கூடுது. முதிர்ந்த விந்தணுவால தன்னோட டி.என்.ஏ.வைத் தானே சரிபண்ணிக்க முடியாது. உள்ளே போன பிறகு கருமுட்டைதான் முடிஞ்ச அளவு ஒட்டுப்போடும். இளம் வயசுப் பெண்ணோட கருமுட்டைக்கு அந்தத் தெம்பு அதிகம். ரெண்டு பேருக்கும் வயசாயிருந்தா கஷ்டம் கூடும், கருச்சிதைவு ஆகுற வாய்ப்பும் கூடும்.

மூணாவது, கரு தங்க எடுத்துக்கிற காலம். இங்கிலாந்தில் ஹல் நகரத்துல கர்ப்பிணிகளை வச்சு நடந்த ஒரு ஆய்வு 2003-ல் வந்தது. 25 வயசுக்குக் குறைவான ஆண்களோட ஒப்பிட்டா, 45-ஐத் தாண்டின ஆண்களோட துணைவியருக்குக் கரு தங்க ஒரு வருஷத்துக்கு மேல ஆகுற வாய்ப்பு 4.6 மடங்கு அதிகமா இருந்தது. மனைவிக்கு வயசு குறைவா இருந்த தம்பதிகளைத் தனியாப் பிரிச்சுப் பார்த்தப்பவும் அந்தப் போக்கு மாறலை.

ஆக, ஆணுக்கு மாதவிடாய் நிக்கிற மாதிரி ஒரு நாள் வர்றதில்லை. ஒரேயடியா அடைபடுற கதவு இல்லை. ஆனா நாற்பதைத் தாண்டின பிறகு கொஞ்சம் கொஞ்சமா இறங்குற சரிவு ஒண்ணு இருக்கு.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். வயசு ஏறும்போது டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனும் மெல்லக் குறையும். களைப்பா இருக்குன்னு சிலர் டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ ஜெல்லோ எடுத்துக்கிறாங்க. ஜிம்ல உடம்பு ஏத்தறதுக்காக இளைஞர்களும் எடுக்கிறாங்க. "ஆண் ஹார்மோன்தானே, விந்தணு கூடத்தானே செய்யும்?"னு தோணும். நடக்கிறது நேர் எதிர். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தா, "போதுமான அளவு இருக்கு"ன்னு மூளை நினைச்சு, விரைக்கு அனுப்புற கட்டளையை நிறுத்திடும். விந்தணு உற்பத்தி படுத்துடும். உலக சுகாதார நிறுவனம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாவே சோதிச்சுப் பார்த்திருக்கு, 1990-ல் முடிவும் வந்தது. வாரம் ஒரு ஊசி போட்டவங்கள்ல பாதிக்கு மேல ஆறு மாசத்துக்குள்ள விந்தணுவே இல்லாத நிலைக்குப் போயிட்டாங்க. நிறுத்தினா பெரும்பாலும் திரும்பி வரும், ஆனா பல மாசம் ஆகும். குழந்தை வேணும்னு நினைக்கிறவங்க இதை டாக்டர்கிட்ட சொல்லாம தொடவே கூடாது.

குழந்தைக்குப் போகிற நகல் பிழைகள்

1912-ல் வில்ஹெல்ம் வைன்பெர்க் என்கிற ஜெர்மன் மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனிச்சார். கை கால் குட்டையா இருக்கிற ஒரு வகைக் குள்ளத்தன்மை இருக்கு, அகோண்ட்ரோபிளேசியான்னு பேரு. சாதாரண உயரமுள்ள பெற்றோருக்கு இப்படிப் பிறந்த குழந்தைகள், வீட்டில் கடைக்குட்டிகளாத்தான் அதிகம் இருந்தாங்க. கடைக்குட்டின்னா என்ன அர்த்தம்? அம்மாவுக்கும் வயசு ஜாஸ்தி, அப்பாவுக்கும் ஜாஸ்தி. யாரோட வயசு காரணம்? 1955-ல் பென்ரோஸ் என்கிற பிரிட்டிஷ் மரபியலாளர் அதைப் பிரிச்சுக் காட்டினார். முக்கியமானது அப்பாவோட வயசு. 1994-ல் அதுக்கான மரபணுவும் கிடைச்சது. இந்த நிலை உள்ள ஏறக்குறைய எல்லாருக்கும் அந்த மரபணுவில் ஒரே இடத்துல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. புதுசா வர்ற அந்த மாற்றம் கிட்டத்தட்ட எப்பவுமே அப்பாவோட விந்தணுவிலிருந்துதான் வருது.

இதுல இன்னொரு சுவாரசியம் உண்டு. இந்த வகை மாற்றம் வந்த ஸ்டெம் செல், பக்கத்துல இருக்கிற நல்ல செல்களைவிட வேகமாப் பெருகும். நெல்லுக்கு நடுவுல முளைச்ச களை மாதிரி. ஆக்ஸ்ஃபோர்டில் ஆன் கோரியலி, ஆண்ட்ரூ வில்கி ரெண்டு பேரும் இதை விளக்கினாங்க. வருஷம் போகப் போக விரைக்குள்ள அந்தச் செல்லோட கூட்டம் பெருசாகுது, அதிலிருந்து வர்ற விந்தணுக்களும் கூடுது.

சரி, எல்லா மரபணுவையும் சேர்த்துப் பார்த்தா? 2012-ல் ஐஸ்லாந்தில் 78 குடும்பங்கள்ல அப்பா, அம்மா, பிள்ளை மூணு பேரோட முழு மரபணுத் தொகுப்பையும் படிச்சுப் பார்த்தாங்க. அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் இல்லாம, பிள்ளைகிட்ட மட்டும் புதுசா எத்தனை எழுத்து மாறியிருக்குன்னு எண்ணினாங்க. 20 வயசு அப்பா சராசரியா 25 புது மாற்றங்களைக் கொடுக்கிறார். 40 வயசு அப்பா 65. வருஷத்துக்கு ரெண்டு வீதம் ஏறுது. அம்மாகிட்டேருந்து வர்றது சுமார் 15.

இதைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். நம்ம டி.என்.ஏ.வில் இருக்கிறது 600 கோடி எழுத்து. அதுல அறுபது எழுத்து மாறினா, பெரும்பாலானவை எந்த வேலையும் இல்லாத இடத்துலதான் விழும். அகோண்ட்ரோபிளேசியா பல்லாயிரம் பிறப்புகள்ல ஒண்ணுக்குத்தான் வருது. அப்பாவுக்கு வயசு கூடுதலா இருந்தா ஆட்டிசம், ஸ்கிசோஃப்ரீனியா போன்றவற்றுக்கான வாய்ப்பு கூடுதுன்னும் பல ஆய்வுகள் சொல்லுது. ஆனா நூத்துல ஒருத்தருக்கு வர்ற ஒண்ணு ரெண்டு மடங்காச்சுன்னா, அது நூத்துல ரெண்டு பேர். மீதி 98 பேருக்கு வரலை. 45 வயசுல அப்பாவாகிறவருக்குப் பிறக்கிற குழந்தைகள்ல மிகப் பெரும்பாலானவங்க ஆரோக்கியமாத்தான் இருக்காங்க.

பிறக்கும்போதே இருக்கிற காரணங்கள்

இப்ப மரபணுப் பக்கம் வருவோம். வயசால வர்றது மெல்லிய சரிவு. மரபணுவால வர்றது சில நேரம் முழு நிறுத்தம். விந்துல ஒரு விந்தணுகூட இல்லாத நிலைக்கு அசூஸ்பெர்மியான்னு பேரு. நூறு ஆண்கள்ல ஒருத்தருக்கு இது இருக்கலாம். இதுக்குப் பின்னால அடிக்கடி வர்ற காரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, கிளைன்ஃபெல்டர் நிலை. 1942-ல் இதை விவரிச்ச அமெரிக்க மருத்துவரோட பேர்தான் அது. ஆணுக்கு எக்ஸ், ஒய்னு ரெண்டு பால் குரோமோசோம் இருக்கணும். இவங்களுக்கு எக்ஸ், எக்ஸ், ஒய்னு மூணு. சுமார் 600 ஆண் குழந்தைகள்ல ஒருத்தருக்கு இது உண்டு. தாம்பத்யம் பெரும்பாலும் சாதாரணமா இருக்கும், வேலை, படிப்பு எல்லாம் நடக்கும். விரை சின்னதா, கெட்டியா இருக்கும். குழந்தை இல்லைன்னு டெஸ்ட் எடுக்கும்போதுதான் பலருக்கு முதல் தடவையாத் தெரிய வருது. நுண்ணோக்கி வச்சு விரைக்குள்ள தேடுற அறுவை சிகிச்சையில், இவங்கள்ல பாதிப் பேருக்கு நெருக்கமா விந்தணு கிடைக்குது.

ரெண்டாவது, ஒய் குரோமோசோம்ல ஒரு துண்டு காணாமப் போறது. 1976-ல் இத்தாலியில் டியெபோலோ, ஜுஃபார்டி என்கிற ரெண்டு பேர், விந்தணு இல்லாத சில ஆண்களோட ஒய் குரோமோசோம் குட்டையா இருக்கிறதைக் கண்டுபிடிச்சாங்க. மத்த குரோமோசோம்களுக்கு ஜோடி உண்டு. ஒண்ணுல பிழை வந்தா ஜோடியைப் பார்த்துத் திருத்திக்கலாம். ஒய் தனிக்கட்டை. அதனால அது தனக்குள்ளயே ஒரு ஏற்பாடு வச்சிருக்கு. நம்ம 'விகடகவி' இருக்கே, முன்னாலிருந்து படிச்சாலும் பின்னாலிருந்து படிச்சாலும் ஒண்ணுதான். அது மாதிரி கண்ணாடி பிம்பமான நீளமான பகுதிகள் ஒய்-ல் இருக்கு. ஒரு பாதியைப் பார்த்து இன்னொரு பாதியைத் திருத்திக்கும். ஆனா ஒரே மாதிரி பகுதிகள் பக்கத்துல பக்கத்துல இருந்தா, நகல் எடுக்கும்போது தவறி ஒட்டிக்கிட்டு நடுவுல இருக்கிற துண்டு உதிர்ந்து போறதும் நடக்குது. அந்தத் துண்டுல விந்தணு உருவாக்கத்துக்கான மரபணுக்கள் இருக்கு.

ஹைதராபாத்தில் இருக்கிற செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்துல குமாரசாமி தங்கராஜும் அவரோட குழுவும் 2003-ல் வெளியிட்ட ஆய்வுல, விந்தணு இல்லாத இந்திய ஆண்கள் 340 பேரைப் பரிசோதிச்சாங்க. 8.5 சதவீதம் பேருக்கு இந்தத் துண்டு இல்லை. நூறு பேர்ல எட்டு ஒன்பது பேருக்கு, பல வருஷ மருந்து மாத்திரைக்குப் பதிலா ஒரு ரத்தப் பரிசோதனை விடை சொல்லியிருக்கும்னு அர்த்தம்.

மூணாவது, விந்தைக் கொண்டு போகிற நாளம் பிறவியிலேயே இல்லாதது. கருத்தடை ஆபரேஷன்ல டாக்டர் வெட்டுவாரே, அதே குழாய். இவங்களுக்கு விரை நல்லா வேலை செய்யும், விந்தணு தாராளமா உருவாகும், வெளியே வர வழிதான் இல்லை. விந்தோட அளவும் குறைவா இருக்கும். இதுக்குப் பெரும்பாலும் காரணம், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்கிற நுரையீரல் நோயோட தொடர்புள்ள அதே மரபணு. ஊசி மூலமா விந்தணுவை எடுத்துடலாம். ஆனா மனைவியும் அதே மரபணுவில் பிழை சுமக்கிறவங்களா இருந்தா, பிறக்கிற குழந்தைக்கு அந்த நுரையீரல் நோய் வர வாய்ப்பு உண்டு. அதனால எடுக்கிறதுக்கு முன்னாடி மனைவிக்கும் டெஸ்ட் அவசியம்.

நாலாவது, குரோமோசோம்கள் இடம் மாறி ஒட்டியிருக்கிறது. மொத்தச் சரக்கு சரியா இருக்கும், அடுக்கின விதம் வேற. அந்த ஆணுக்கு உடம்புல ஒரு குறையும் தெரியாது. ஆனா விந்தணுவுக்குப் பாதி பிரிச்சுக் கொடுக்கும்போது சிலதுல கூடுதலாவும் சிலதுல குறைவாவும் போயிடும். மனைவிக்குத் திரும்பத் திரும்பக் கரு கலையும். வீட்டில "அவ வயித்துல தங்க மாட்டேங்குது"ன்னு சொல்லுவாங்க. ரெண்டு தடவைக்கு மேல கலைஞ்சா ரெண்டு பேருக்கும் காரியோடைப் என்கிற குரோமோசோம் பரிசோதனை எடுக்கச் சொல்றது இதனாலதான்.

சொந்தத்துல கல்யாணம்

அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணுன்னு ரெண்டு பிரதியும் பழுதா இருந்தால் மட்டும் வெளிப்படுற மரபணுக் கோளாறுகள் உண்டு. மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா பகுதியில் ஒரு வகை இருக்கு. விந்தணு எல்லாமே பெரிய தலையோட, இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு குரோமோசோம்களோட உருவாகும். 2007-ல் அதுக்கான மரபணுவைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சாங்க. இந்த விந்தணுவை ஊசி மூலம் கருமுட்டைக்குள்ள செலுத்துறதுல பலனே இல்லை. டெஸ்ட் எடுக்காதவங்க லட்சக்கணக்குல செலவு பண்ணின பிறகுதான் தெரிஞ்சுக்குவாங்க.

தமிழ்நாட்டில் மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள்னு சொந்தத்துல கட்டுற வழக்கம் ரொம்ப நாளா இருக்கு. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். அத்தை மகளைக் கட்டினதால ஒருத்தரோட விந்தணு குறையாது. அவரோட பெற்றோர் நெருங்கின சொந்தமா இருந்தா, ஒரே பழுதான பிரதி ரெண்டு பக்கத்திலிருந்தும் அவருக்கு வந்திருக்கிற வாய்ப்பு கூடும். டாக்டர் "உங்க அப்பா அம்மா சொந்தமா?"ன்னு கேட்டா, குடும்பத்தைக் குத்திக் காட்டுறார்னு நினைக்காம பதில் சொல்லுங்க. எந்த மரபணுவைத் தேடணும்னு அது வழிகாட்டும்.

மரபணு டெஸ்ட் எடுத்து என்ன ஆகப் போகுது?

"மரபணுவை மாத்தவா முடியும்? அப்புறம் எதுக்கு டெஸ்ட்?" நியாயமான கேள்வி. மாத்த முடியாது. ஆனா அடுத்து என்ன செய்யணும்ங்கிறதை அது மாத்தும்.

ஒய் குரோமோசோம்ல காணாமப் போகிற துண்டுகளை ஏ, பி, சின்னு மூணு பகுதியாப் பிரிச்சிருக்காங்க. ஏ பகுதியோ பி பகுதியோ முழுசா இல்லைன்னா, விரையை அறுத்துத் தேடினாலும் விந்தணு கிடைக்காது. அந்த ஆபரேஷனே வேண்டாம். சி பகுதி மட்டும் இல்லைன்னா, பாதிப் பேருக்காவது கிடைக்கும். அதை வச்சு இக்ஸி முறையில், அதாவது ஒரே ஒரு விந்தணுவைக் கருமுட்டைக்குள்ள செலுத்துற முறையில், குழந்தை பெத்துக்கலாம். 1992-ல் பிரஸ்ஸல்ஸில் ஆரம்பிச்ச முறை அது. ஆனா பிறக்கிறது மகனா இருந்தா, அப்பாவோட அதே ஒய் அப்படியே போகும். அவனுக்கும் இதே பிரச்சனை வரும். மகளுக்கு ஒய் போறதில்லை, அதனால பாதிப்பு இல்லை. இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் பெத்துக்கிறதுக்கும் தெரியாமப் பெத்துக்கிறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

விந்தணுவே இல்லைன்னாலோ, ஒரு மில்லிக்கு 50 லட்சத்துக்கும் கீழே இருந்தாலோ, மரபணுப் பரிசோதனை பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. எல்லாருக்கும் காரணம் கிடைச்சிடாது, பலருக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்த பிறகும் விடை தெரியறதில்லை. அதையும் மனசுல வச்சுக்கணும்.

முதல் படி என்ன?

விந்துப் பரிசோதனை. ரெண்டு நாளிலிருந்து ஏழு நாள் வரை இடைவெளி விட்டுக் கொடுக்கணும். லேபிலேயே கொடுக்கிறது நல்லது. வீட்டிலிருந்து கொண்டு போனா ஒரு மணி நேரத்துக்குள்ள, உடம்புச் சூட்டோட ஒட்டி எடுத்துட்டுப் போங்க. ஆணுறையில் பிடிக்கக் கூடாது, எண்ணெய், ஜெல் எதுவும் கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தோட 2021 கையேட்டுப்படி, மில்லிக்கு 1.6 கோடி விந்தணு, மொத்த அளவு 1.4 மில்லி, அசையறது 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். இவை கீழ் எல்லைகள். நாலு சதவீதம்தான் நல்ல வடிவம்னு ரிப்போர்ட்டைப் பார்த்து அழுதவங்க உண்டு. அது சாதாரண அளவுதான். எல்லைக்குக் கீழே இருந்தா குழந்தையே பிறக்காதுன்னும் இல்லை. ஒரு ரிப்போர்ட்டை வச்சு முடிவு பண்ணவும் வேண்டாம். குறைவா இருந்தா இன்னொரு தடவை எடுக்கணும்.

மனைவிக்கு 35 வயசுக்குக் குறைவுன்னா ஒரு வருஷம் பார்க்கலாம். 35 தாண்டியிருந்தா ஆறு மாசத்துலயே போயிடுங்க. நம்ம நாட்டில் 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, சிகிச்சைக்குப் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று வயது வரம்பும் இருக்கு.

நேயர்கள் அடிக்கடி கேட்கிறவை

*"விந்து நல்லா வருது, தாம்பத்யத்துல குறை இல்லை. எனக்கு எதுக்கு டெஸ்ட்?"*

விந்துல விந்தணுவோட பங்கு ரொம்பக் கொஞ்சம், நூத்துல அஞ்சு பங்குகூட இல்லை. மீதி எல்லாம் விந்துப்பையிலிருந்தும் புராஸ்டேட் சுரப்பியிலிருந்தும் வர்ற திரவம். கருத்தடை ஆபரேஷன் பண்ணினவங்களுக்கும் விந்து அதே மாதிரிதான் வரும். கண்ணால பார்த்தோ, தாம்பத்யத்தை வச்சோ சொல்ல முடியாது. நுண்ணோக்கிதான் சொல்லணும்.

*"எங்க அப்பாவுக்கு ஆறு பிள்ளைங்க. எனக்கு மட்டும் எப்படி மரபணுப் பிரச்சனை வரும்?"*

கிளைன்ஃபெல்டர் நிலையும் ஒய் துண்டு இழப்பும் பெரும்பாலும் அந்த ஒரு கரு உருவாகும்போது எதேச்சையா வர்றது. பரம்பரைன்னா தாத்தாவுக்கும் இருந்திருக்கணும்னு கட்டாயம் இல்லை.

*"முதல் குழந்தை தானாப் பிறந்துச்சு. ரெண்டாவதுக்கு நாலு வருஷமா முயற்சி. கணவருக்கு இப்ப 44. அவருக்கு டெஸ்ட் தேவையா?"*

தேவை. முதல் குழந்தை பிறந்தது அன்னைக்கு இருந்த நிலைமைக்குச் சாட்சி. நடுவுல வயசு ஏறியிருக்கு, சர்க்கரை நோய் வந்திருக்கலாம், விரையைச் சுத்தி ரத்த நாளம் புடைச்சிருக்கலாம். ரெண்டு பேருமே பார்த்துக்கணும்.

*"வயசையும் மரபணுவையும் மாத்த முடியாதுன்னா, நம்ம கையில என்னதான் இருக்கு?"*

புகை, புகையிலை நிறுத்துறது, குடியைக் குறைக்கிறது, எடையைக் குறைக்கிறது, விரைக்குச் சூடு படாம பார்த்துக்கிறது. மடியில லேப்டாப், அடுப்பு அனல் பக்கத்துல நாள் முழுக்க வேலை, இதெல்லாம் கவனிக்க வேண்டியவை. பலன் தெரிய மூணு மாசம் ஆகும். புற்றுநோய்க்குக் கீமோ ஆரம்பிக்கப் போறவங்க, அதுக்கு முன்னாடியே விந்தணுவை உறைய வச்சுப் பாதுகாக்க முடியுமான்னு கேட்டுடுங்க.

கடைசியா ஒண்ணு. விந்தணு இல்லைன்னு ரிப்போர்ட் வந்த ஆண்கள் பலர் அதை மனைவிகிட்டகூட சொல்லாம மறைக்கிறாங்க, பழி தொடர்ந்து அவங்க மேல விழறதைப் பார்த்துக்கிட்டே இருக்காங்க. ஒய்-ல் ஒரு துண்டு உதிர்ந்தது யாரோட குத்தமும் இல்லை. ஆண்மைக்கும் அதுக்கும் சம்பந்தமும் இல்லை. அதை மறைச்சு அவளோட வருஷங்களைக் கரைக்கிறதுதான் தப்பு. முதல் தடவை டாக்டர்கிட்ட போகும்போதே ரெண்டு பேரும் சேர்ந்து போங்க, ரெண்டு பேருக்கும் அதே வாரத்துல டெஸ்ட் எடுத்துடுங்க.

அடுத்த எபிசோடில், விரையைச் சுத்தி ரத்த நாளம் புடைக்கிற வெரிகோசீல் பத்திப் பேசலாம். யாருக்கு ஆபரேஷன் தேவை, யாருக்குத் தேவையில்லைன்னு பார்க்கலாம். கேள்விகள் இருந்தா அனுப்புங்க.